எட்டுப் பேர் வேண்டும்

21.07 – திங்கள்

கச்சான் காற்று. காலை எட்டு மணிக்கே முகம் எரிகிறது. கொடியில் போட்ட வெள்ளைச் சட்டை பறந்துபோய்ப் பக்கத்து வளவு வேலியில் ஒட்டிக் கிடந்தது. திரும்ப அலசல்.

சா/த (சாதாரண தரப் பரீட்சை) முடிவு வந்து பத்து நாள். ஏழு ஏ, இரண்டு பி. கணிதம் ஏ. (இதை எத்தனை தரம் எழுதினாலும் அலுக்கவில்லை.) வீட்டுக்கு வருபவர் எல்லோரிடமும் ஒரே கேள்வி. "உயர்தரத்துக்கு என்ன எடுக்கப்போற?"

என்ன எடுப்பது? எங்கள் பள்ளியில் உ/த என்றால் கலைப் பிரிவு மட்டும். தமிழ், இந்து நாகரிகம், புவியியல். சோறு மட்டும் இருக்கிற கடையில் என்ன சாப்பிடுறீங்க என்று கேட்பது போல. கலை மோசம் என்று சொல்லவில்லை. விரும்பியவர்கள் எடுக்கட்டும். எனக்கு வேண்டியது இணைந்த கணிதம், பௌதிகவியல், இரசாயனவியல். சிவில் இஞ்சினியர் ஆக வேண்டும். வேறு எதுவும் மனதில் இல்லை.

டவுனில் கணிதப் பிரிவு இருக்கிறது. போகலாம். வாவியைக் கடக்க முதலில் பாதை (வாகனத்தையும் ஏற்றும் மிதவை), பிறகு பஸ். ரியூசன் முடிந்து துறைக்கு வரும்போது கடைசிப் பாதை அக்கரைக்குப் போய்க் கட்டியிருக்கும். தங்கிப் படிக்க அம்மா விடமாட்டார். கேட்டுப் பார்த்தாயிற்று. இரண்டு தரம்.

பள்ளிக்குப் போய் சுதர்சினி மிஸ்ஸிடம் சொன்னேன். சா/த வகுப்புக்குக் கணிதம் படிப்பிப்பவர். தினமும் வாவிக்கு அந்தப் பக்கம், எழுவான்கரையிலிருந்து ஸ்கூட்டியைப் பாதையில் ஏற்றி எங்கள் படுவான்கரைக்கு வருகிறார். எங்கள் ஆசிரியர்களில் முக்கால்வாசிப் பேர் அப்படித்தான். மிஸ் சிரித்தார். "நான் கம்பஸில படிச்சதெல்லாம் கறள் பிடிக்குது டிலு. வா, அதிபரிட்டப் போவம்."

அதிபர் கண்ணாடியைக் கழற்றி மேசையில் வைத்தார். அது நல்ல அறிகுறி இல்லை.

"எட்டுப் பேர் கொண்டா. வெள்ளிக்கிழம பன்னிரண்டு மணிக்குள்ள. பெற்றார்ர கையெழுத்தோட. எட்டுப் பேர் இரிந்தா நான் வலயக் கல்வி ஒஃபிஸில போய்ச் சண்ட பிடிச்செண்டாலும் வகுப்பத் திறப்பன். ஏழு பேர் எண்டா என்னட்ட வரவே வேணாம்."

எட்டு விண்ணப்பப் படிவம் தந்தார். நாலு நாள். எட்டுப் பேர். இது ஒரு கணக்கா?

22.07 – செவ்வாய்

கணக்கே இல்லை! ஒரே நாளில் முடித்துவிட்டேன்!

முதலில் கணிதத்தில் ஏ, பி எடுத்தவர்களின் வீடுகளுக்குச் சைக்கிளில் போய் ஆள் பிடித்தேன். எல்லோருக்கும் ஆசை இருக்கிறது, வாய்தான் இல்லை. அந்த வாயை நான் கொடுத்தேன். பிறகு கையெழுத்து. படிவத்தில் "பெற்றோர் கையொப்பம்" என்று ஒரு கோடு. ஊரில் எந்த அப்பாவும் வீட்டில் இல்லை. சிறுபோக வெள்ளாமை வெட்டு, எல்லோரும் வயலில். எங்கள் அப்பாவும் அங்கேதான். நேரே வயல் வட்டைக்கே போனேன்.

வெட்டு மெசின் போட்ட சத்தத்தில் ஒருவர் சொல்வது ஒருவருக்குக் கேட்கவில்லை. அதுவும் எனக்கு வசதி. உழவு மெசின் பெட்டியில் படிவத்தை வைத்து ஒவ்வொருவராகக் கையெழுத்து. கிசோவின் அப்பா வாசிக்கவே இல்லை. "கணக்குத்தானே மகள்? நல்ல விசயம்தானே. எங்க வைக்கிற?" விளைச்சல் நல்லது, அதனால் எல்லோர் முகத்திலும் சிரிப்பு. நெல் மூட்டை ஒன்று கேட்டிருந்தாலும் தந்திருப்பார்கள்.

பட்டியல்:
1. நான்
2. சயானி
3. கிசோ
4. கிசோவின் சித்தப்பா மகன்
5, 6. வாய்க்கால் வீதி இரட்டைப் பிள்ளைகள் (இன்னும் யார் எவள் என்று எனக்குத் தெரியாது)
7. அன்ரன்
8. துசி

எட்டு. எட்டு. எட்டு.

கால் முழுக்கச் சேறு, சுணை. குளித்துவிட்டு அக்காவிடம் காட்டினேன். அக்கா உ/த கலை, முதலாம் வருடம். எங்கள் பள்ளிதான். பட்டியலை மேலிருந்து கீழ் வரை பார்த்தாள்.

"எல்லாம் அப்பாமார்ர கையெழுத்தா?"

"ஓம். ஏன்?"

"ஒண்டுமில்ல." சிரிப்பு வேறு.

பொறாமை. வேறு என்ன. (அக்கா, இதை நீ வாசிக்கிறாய் என்றால் இந்த இடத்தோடு நிறுத்து.)

23.07 – புதன்

சைக்கிள் பின் டயர் வெடித்தது. அது இன்றைய சிறிய கவலை.

காலை ஏழரைக்கே சயானி கேற்றடியில், அழுத முகம். "அம்மா மாட்டனெண்டுட்டா." பத்து மணிக்கு இரட்டைப் பிள்ளைகளின் அம்மாவே நேரில் வந்து படிவம் இரண்டையும் கேட்டு வாங்கிக்கொண்டு போனார். மத்தியானம் துசி. நேற்று எட்டு, இன்று நாலு.

மூன்று வீட்டிலும் அம்மாமார் சொன்னது ஒன்றுதான். "அவர் கையெழுத்து வச்சா? அவரிட்ட ஆரு கேட்ட?"

எனக்கு மண்டையில் என்ன இருந்தது? பிறந்ததிலிருந்து பார்க்கிறேன். எங்கள் பக்கத்தில் வீடு வளவு பெண் பேரில். கல்யாணம் முடித்த ஆண் மனைவியின் வீட்டுக்கு வந்து இருப்பவர். வயலில் அப்பா சொன்னது நடக்கும். பிள்ளை எங்கே படிக்கிறது, யாருக்குக் கட்டிக் கொடுக்கிறது என்றால் அம்மா, அவரின் அண்ணன் தம்பிமார். அப்பாமார் ஓம் என்பார்கள். ஓம் என்றுதான் எப்போதும் சொல்வார்கள். அந்த ஓமை வைத்து நான் நேற்று முழுக்கத் துள்ளியிருக்கிறேன். ஏ எடுத்த மண்டையாம்.

இதில் பெரிய கேவலம், என்னுடைய படிவத்தில்கூட அப்பாவின் கையெழுத்துத்தான். அம்மா அடுப்படியில் மீன் கழுவிக்கொண்டு, திரும்பிப் பார்க்காமலே கேட்டார்.

"என்னட்டக் கேட்டியா?"

"இல்ல."

"ஏன் கேக்கல்ல?"

அழுகை வந்தது. அம்மா கையைக் கழுவிவிட்டு வந்தார்.

"நாளைக்கு நாலு மணிக்கு மாதர் சங்கம் கூடுது. அஞ்சி நிமிசம் வாங்கித் தாறன். வாய் இரிக்கிதானே உனக்கு. அங்க வந்து கதை."

அக்கா பாயில் படுத்துக்கொண்டு புவியியல் கொப்பி பார்த்தாள். "விடன் டிலு. நாலு பேர் சேந்ததே பெரிசு. எனக்கு ஒருத்தரும் சேரல்ல." அப்போது எனக்கு அந்தப் பேச்சு எரிச்சல்தான் தந்தது. உன்னைப் போல் நானும் சும்மா இருக்க வேண்டுமா என்று கேட்டுவிட்டேன். கொப்பியை மூடிவிட்டு எழும்பிப் போனாள்.

24.07 – வியாழன்

டியூப் மாற்றியாயிற்று. காற்று இன்றைக்கும் நிற்கவில்லை.

மாதர் சங்கம், வாசிகசாலைக் கட்டிடம். முப்பது பேருக்கு மேல். எல்லோரும் நான் மாமி, பெரியம்மா என்று கூப்பிடுபவர்கள். ஆனால் அத்தனை பேரும் ஒரே பக்கமாக உட்கார்ந்து என்னைப் பார்த்தபோது என் கண் வாசலைத் தேடியது. நல்ல வேளை மிஸ் வந்தார். இரண்டு மணிப் பாதையை விட்டுவிட்டு எனக்காகக் காத்திருந்தார்.

முதல் வேலையாக மன்னிப்புக் கேட்டேன். "உங்களிட்டக் கேக்காம வட்டைக்குப் போனது பிழ." சிலர் சிரித்தார்கள். அது உதவி.

சயானியின் அம்மா நேரே விசயத்துக்கு வந்தார். "கணக்கெடுத்து மூண்டு பாடமும் பெயில் எண்டு நிண்டா நீயா பதில் சொல்லுவாய்? ஆர்ட்ஸ் எண்டா கம்பஸ் கிடைக்கும். டீச்சராகலாம்."

"பெயிலானா திரும்ப எடுப்பம் மாமி. மூண்டு தரம் எடுக்கலாம்."

"மூண்டு தரமா! அதுக்குள்ள எனக்குப் பேரப்புள்ள வந்திரும்."

கட்டிடம் அதிர்ந்தது சிரிப்பில். தோற்றுவிட்டேன் என்றே நினைத்தேன். பின்னாலிருந்து ஒருவர் கேட்டதுதான் உண்மையான பயம். "வாற டீச்சர்மாரெல்லாம் ஒரு வருசத்தில மாற்றம் எடுத்து அக்கரைக்கே போயிருவாங்க. நடுவில விட்டா பிள்ளைகள் என்ன செய்யிற?"

யாரும் சிரிக்கவில்லை. எத்தனை பேரை அப்படிப் பார்த்திருக்கிறோம். மிஸ் எழும்பினார்.

"எனக்கு மாற்றம் கேக்கிற உரிம இந்த வருசம் வருது. நான் கேக்கமாட்டன். இந்தப் பிள்ளைகள் சோதின எழுதி முடியுமட்டும் பாதையில வந்து போவன். எழுதித் தரட்டா?"

எழுதித் தர வேண்டியிருக்கவில்லை. ஆனால் இரட்டைப் பிள்ளைகளின் அம்மா இன்னும் ஒன்று வைத்திருந்தார். "அதெல்லாம் சரி. உன்ர அக்காவும் கணக்கில ஏ எடுத்தவதானே? அவவே ஆர்ட்ஸ்தானே படிக்கிறா? அவக்கு இல்லாத ஆச உனக்கு எங்கால வந்த?"

இதற்கு நான் பதில் தயாரிக்கவில்லை. வாயில் வந்ததைச் சொன்னேன்.

"அக்காக்கு ஆச இல்லாம இல்ல பெரியம்மா. வகுப்பு இல்ல. அவ என்னவிடக் கெட்டிக்காரி. எனக்குக் கணக்குப் படிப்பிச்சதே அவதான். போன வருசம் வாய் திறந்து கேக்க அவக்கு ஆளில்ல. அவட ஏ சும்மா கிடக்கு. எங்கடயும் கிடக்கணுமா?"

சொல்லி முடிக்கும்போதுதான் பார்த்தேன். வாசலில் அக்கா, தேத்தண்ணித் தட்டுடன். எவ்வளவு நேரமாக நிற்கிறாள் என்று தெரியவில்லை. தட்டை மேசையில் வைத்துவிட்டுப் போனாள்.

சயானியின் அம்மா கை நீட்டினார். "பேனையத் தாகா." பிறகு இரட்டைப் பிள்ளைகளின் அம்மா, கொண்டுபோன இரண்டு படிவத்தையும் பையிலிருந்து எடுத்து. பிறகு எங்கள் அம்மா, கிசோ வீட்டார், அன்ரனின் அம்மா, அப்பாமாரின் கையெழுத்துக்குப் பக்கத்தில் தங்கள் கையெழுத்தையும் போட்டார்கள். துசியின் அம்மா மட்டும் தலையை ஆட்டினார். "கோவிக்காத மகள். எங்கட அண்ணன் டவுனில கொமர்ஸுக்கு இடம் எடுத்திட்டார். அவர்ர வீட்டதான் நிக்கப்போறா."

ஏழு. முப்பது அம்மாமாரை வென்று, ஏழு. சந்தோசப்படவா, அழவா? இரண்டும்.

அக்கா இரவுச் சாப்பாட்டைத் தட்டோடு எடுத்துக்கொண்டு அடுப்படிக்குப் போய்விட்டாள். ஊருக்கு முன்னால் அவளை இழுத்திருக்கக் கூடாது. மன்னிப்புக் கேட்கப் போனேன், அம்மாவோடு ஏதோ கதைத்துக்கொண்டிருந்தாள். என்னைக் கண்டதும் இருவரும் நிறுத்திவிட்டார்கள்.

25.07 – வெள்ளி

நித்திரை கண்ணைக் கட்டுகிறது, எழுத்துக் கோணல். இருந்தாலும் இன்றே எழுத வேண்டும்.

காலை எட்டரை முதல் எட்டாவது ஆள் தேடினேன். கணிதத்தில் சி எடுத்த ஒருவன் யோசித்துச் சொல்கிறேன் என்றான். இன்னொருத்தி கல்யாணம் பேசியாயிற்று என்றாள். பதினொன்றே முக்காலுக்கு ஏழு படிவத்தோடு ஏழு பேரும் அதிபரின் அறையில். மிஸ்ஸும் வந்தார். அதிபர் எண்ணினார். திரும்பவும் எண்ணினார்.

"ஏழு."

"சேர், ஏழு பேரும் அம்மாமார்ர கையெழுத்தோட சேர்."

"நான் எட்டெண்டு சொன்னன். வலயத்தில கேக்கிற முதல் கேள்வி எத்தின பேர் எண்டுதான். நான் என்ன சொல்ற?"

அவர் கெட்டவர் இல்லை. அது தெரிந்ததால்தான் இன்னும் கஷ்டம். சயானி மூக்கை உறிஞ்சத் தொடங்கினாள்.

வாசலில் "உள்ள வரலாமா சேர்?"

அக்கா. கலை வகுப்பிலிருந்து எழும்பி வந்திருக்கிறாள். பின்னால் அம்மா, கோயிலுக்குக் கட்டும் சேலையில், வேர்த்து வழிந்துகொண்டு. அக்கா ஒரு படிவத்தை மேசையில் வைத்தாள். இணைந்த கணிதம், பௌதிகவியல், இரசாயனவியல். அவளின் அந்த உருண்டை எழுத்து. துசியின் பெயரை வெட்டிவிட்டு அதற்கு மேல் தன் பெயரை எழுதியிருந்தாள். பெற்றோர் கையொப்பம் என்ற இடத்தில் துசி அப்பாவின் கையெழுத்தும் வெட்டு, பக்கத்தில் அம்மாவின் பெயர், முழுதாக.

அதிபர் கண்ணாடியைப் போட்டார். "ஒரு வருசம் போகும் பிள்ள. உன்ர வகுப்புப் பிள்ளைகள் உனக்கு முதல் சோதின எழுதுவாங்க. நல்லா யோசிச்சியா?"

"போன வருசமே யோசிச்சிட்டன் சேர். அப்ப வகுப்பில்ல."

அம்மா சொன்னார், "நானும் யோசிச்சிட்டன். போன வருசம் யோசிக்காம விட்டது நான்தான்."

அதிபர் எட்டுப் படிவத்தையும் தட்டி அடுக்கினார். மோட்டார் சைக்கிள் திறப்பை எடுத்தார். "மிஸ், வலயத்துக்குப் போகப் பாதை எத்தின மணிக்கு?"

நான் அங்கேயே, எல்லோருக்கும் முன்னால், சத்தம் போட்டு அழுதேன். வெட்கமே இல்லை. அக்கா என் தலையில் ஒரு குட்டு. "நானா சும்மா இருந்த?" என்றாள்.

26.07 – சனி

அதிபர் நேற்றுப் பின்னேரம் மிஸ்ஸுக்குப் போன் எடுத்தாராம். அனுமதி!! பௌதிகவியலுக்குப் புதிய ஆள் தருவார்கள். இரசாயனம் பக்கத்துப் பள்ளி சேர், கிழமையில் இரண்டு நாள். மிச்சம் கடிதத்தில்.

அப்பாவுக்குச் செய்தி வட்டையில்தான் சொன்னோம். "ரெண்டு பேருமா? ஓம், நல்லம்" என்றார். பிறகு அம்மாவிடம் போய் உண்மையா என்று கேட்டாராம்.

வாங்க வேண்டியவை: சி.ஆர். கொப்பி 6, வரைபுத் தாள், கல்குலேட்டர் ஒன்று. பாடப் புத்தகமும் இருவருக்கும் ஒன்றுதான் என்று அம்மா சொல்லிவிட்டார். யார் வைத்திருப்பது என்பதில் ஏற்கனவே ஒரு சண்டை. நான் தோல்வி.

மூன்று வீட்டில் இருந்து பலகாரம் வந்தது. சயானியின் அம்மா முறுக்கு. உப்புக் கூடுதல், ஆனாலும் முழுதும் முடிந்தது.

28.07 – திங்கள்

முதல் நாள். காற்றில் மண். வகுப்பறை இல்லை, பழைய மனையியல் அறையைக் கூட்டித் தந்திருக்கிறார்கள். அடுப்பு ஒன்று இன்னும் மூலையில். மிஸ் முதல் பாதையிலேயே வந்துவிட்டார். கரும்பலகையில் திகதி, பிறகு பெரிய எழுத்தில் "இணைந்த கணிதம்". இந்தப் பள்ளியில் அதை எழுதிய முதல் ஆள். எழுதிவிட்டுக் கொஞ்ச நேரம் அதையே பார்த்துக்கொண்டு நின்றார்.

வரவு இடாப்பில் எட்டுப் பெயர். அக்காவின் பெயர் கூப்பிட்டபோது அவள் "பிரசன்ட் மிஸ்" சொன்ன சத்தம் பக்கத்து வகுப்புக்கும் கேட்டிருக்கும். வீட்டில் அவளுக்கு அப்படி ஒரு குரல் இருந்தது எனக்குத் தெரியாது.

முதல் கணக்கு: இருபடிச் சமன்பாடு ஒன்று, கொஞ்சம் வளைத்துப் போட்டது. எட்டுப் பேரும் தலை குனிந்து எழுதினோம். நான் முடித்துப் பேனையை வைத்துவிட்டு நிமிர்ந்து பார்த்தேன்.

அக்கா எப்போதோ முடித்துவிட்டு, என் விடையை எட்டிப் பார்த்துக்கொண்டிருந்தாள். "குறி பிழை" என்றாள்.

பிழைதான்.