பத்துப் பேரில் முதல் கையெழுத்து

ஏப்ரல் 5, வெள்ளி

வேர்க்கடலை பிடுங்க ஆள் வரவில்லை. எல்லாரும் மீட்டிங்குக்குப் போய்விட்டார்கள், தலைக்கு ஒரு பிரியாணிப் பொட்டலமாம். நானும் என் வீட்டுக்காரர் வாணி நைனாவும் ரெண்டு பாத்தி பிடுங்கினோம். ஒரு மணிக்கெல்லாம் அவர் கையைக் கழுவி வெள்ளைச் சட்டை போட்டுக்கொண்டார்.

"ரமணா சார் ஏர்பேடு வராரு. நா போவாம இருந்தா நல்லாவா இருக்கும்?"

ரமணா சார்தான் எங்கள் பையன் பவன் போன ஹெலிகாப்டரை ஓட்டினவர். எல்லையில் சண்டை நடக்கும்போது சுட்டதில் அது விழுந்தது. பவனுக்குப் பின்னால் துப்பாக்கிகிட்ட உட்காருகிற வேலை. அவன் பெட்டியில் வந்தான், இவர் ஒரு கால் போய்க் கட்டை ஊனிக்கொண்டு வந்தார். மெடல் கொடுத்தார்கள். அப்புறம் மிலிட்டரியை விட்டுவிட்டார். பெரிய கட்சி ரெண்டும் சீட்டு கொடுக்கவில்லை, காளஹஸ்தியில் சுயேச்சையாக நிற்கிறார். வருகிற ஆனியில் பவன் போய் ரெண்டு வருஷம்.

பெட்டியைத் திறக்க விடவில்லை. அதை மட்டும் நான் மறக்கமாட்டேன்.

ஏப்ரல் 9

உகாதி. பச்சடி செய்யவில்லை.

ஏப்ரல் 12

காலையிலிருந்து அந்த வீடியோவே ஓடுகிறது. ஏர்பேடு மீட்டிங். ரமணா சார் தெலுங்கில் சொல்கிறார் – என் மடியில் தலை வைத்துக்கொண்டு, தேசத்தைப் பார்த்துக்கோங்க சார் என்று சொல்லிவிட்டு பவன்குமார் கண்ணை மூடினான்.

வாணி நைனா அந்த இடம் வந்ததும் கண்ணைத் துடைக்கிறார். மறுபடி முதலிலிருந்து வைக்கிறார்.

என் பிள்ளையை எனக்குத் தெரியாதா? ஒரு முள் குத்தினாலே தெருவைக் கூட்டுவான். தேசம் கீசம் என்று அவன் வாயில் ஒரு நாளும் வந்ததில்லை. ரேணிகுண்டாவில் பேசினபோது தோளில் சாய்ந்தான் என்றார். மிலிட்டரி லெட்டரில் விழுந்ததுமே உயிர் போய்விட்டது, வலி இல்லை என்று எழுதியிருந்தது. மூணில் எது?

மகள் வாணியிடம் போனில் கேட்டேன். ஸ்ரீசிட்டியில் செல்போன் கம்பெனியில் ஷிப்ட் முடித்து வந்திருந்தாள். "மா, நைனா இப்பத்தான் எழுந்து நடமாடிக்கினு கீறாரு. நீ கெளறாத" என்றாள்.

அதுவும் நிஜம்தான். பவன் போனதும் ஆறு மாசம் சுவரைப் பார்த்துப் படுத்திருந்தார். மடியில் போனான் என்று ரமணா சார் வீட்டுக்கு வந்து சொன்ன அன்றைக்குத்தான் எழுந்து சோறு துன்னார்.

ஏப்ரல் 19

ரமணா சார் வந்தார். நாலு கார். வாணி நைனா ஸ்பிரைட் வாங்கக் கடைக்கு ஓடினார்.

சுயேச்சைக்குப் பத்து பேர் முன்மொழிந்து கையெழுத்துப் போடணுமாம், எல்லாரும் இந்தத் தொகுதி ஓட்டுக்காரராக இருக்கணும். முதல் கையெழுத்து என்னுடையதாக இருக்கணும் என்றார்.

"எல்லாரையும் வெளிய போகச் சொல்லுங்க சார்" என்றேன். போனார்கள்.

"என் புள்ள எப்படி செத்தான்? அத சொல்லுங்க, போடறேன்."

"ஏற்கெனவே சொன்னேனேம்மா..."

"நீங்க ரெண்டு சொன்னீங்க சார். மிலிட்டரி லெட்டர் வேற ஒண்ணு சொல்லுது."

வெளியே ஆட்கள் சிரிக்கிற சத்தம். பிறகு தரையைப் பார்த்துக்கொண்டே சொன்னார். விழுந்ததும் முன்கதவால் குதித்துவிட்டாராம். பின்னால் பவன் உயிரோடு இருந்தானாம். "பெல்ட் வரல சார், பெல்ட் வரல சார்"னு ரெண்டு தரம் கூப்பிட்டானாம். நெருப்புப் பிடித்துக்கொண்டது. "நான் ஓடிட்டேம்மா. எல்லாரும் கால் விழுந்ததுல போச்சுன்னு நெனைக்கிறாங்க. இல்ல. நான் ஓடும்போது வெடிச்சுது, அதுல போச்சு."

எனக்கு அழுகை வரல. ரெண்டு தரம். ரெண்டு தரம் கூப்ட்டானே.

"இனிமே அந்த மடி கதைய சொல்லாதீங்க" என்றேன். "சொல்லமாட்டேம்மா, சத்தியமா" என்றார். போட்டேன். ஏன் போட்டேன்? அது எனக்கே தெரியவில்லை. இந்த ரெண்டு வருஷத்தில் எனக்கு உண்மையைச் சொன்ன ஆள் அவர் ஒருத்தர்தான்.

வாணி நைனா ஸ்பிரைட்டோடு வந்து, "இன்னாமே, அதுக்குள்ள போட்டுட்டியா? போட்டோ எடுக்க வாணாமா?" என்றார். மறுபடி போடுவது மாதிரி பேனாவைப் பிடிக்கச் சொன்னார்கள். பிடித்தேன்.

சார் சொன்னதை அவரிடம் சொல்லவில்லை.

ஏப்ரல் 24

நாமினேஷன். காரில் முன் சீட்டில் உட்கார வைத்தார்கள். டிரைவர், "பெத்தம்மா, பெல்ட் போட்டுக்கோ" என்று இழுத்து மாட்டிவிட்டான். கத்திவிட்டேனாம். இறக்கிப் பின்னால் உட்கார வைத்தார்கள்.

காளஹஸ்தி ஆபீஸ் வாசலில் டிவிக்காரர்கள் மைக்கை நீட்டினார்கள். "இந்தத் தாயோட மகன் என் மடியில..." என்று ரமணா சார் ஆரம்பித்துவிட்டார். என் கையை எடுத்துத் தன் தலைமேல் வைத்துக்கொண்டார். நான் கையை எடுக்கவில்லை. எதிரே வாணி நைனா நின்று பார்த்துக்கொண்டிருந்தார்.

படி இறங்கும்போது, "வாயில வந்துடுச்சும்மா" என்றார் சார் மெதுவாக.

வந்துடுமா? ஒரு தாயிகிட்ட சத்தியம் பண்ண வாயி சார் அது.

ஏப்ரல் 25

எதிர்க்கட்சிக்கு வேலை செய்கிற ஏழுமலை வந்தான். நம்ம தெருதான். பவனோடு படித்தவன்.

"அத்த, உனக்குக் கையெழுத்து தெரியாதுன்னு அப்ஜெக்ஷன் குடுத்துக்கீறோம். பவன் பென்ஷன் காகிதத்துல நீ கைநாட்டுதான வெச்ச?"

வெச்சேன். அன்றைக்குக் கை எழுதவில்லை. அஞ்சாவது வரை படித்தவள், எழுதத் தெரியாமல் இல்லை.

"நாளைக்கு ஆபீஸ்ல உன்னக் கூப்டுவாங்க. நீ கைநாட்டு வெச்சா போதும், அந்தக் கையெழுத்து உன்னுது இல்லன்னு ஆயிடும். அவருது சரியா பத்தே பத்து கையெழுத்துதான். ஒண்ணு போனா மனுவே போச்சு. அந்தாளு பவன வெச்சி ஓட்டு கேக்கறது உனக்கு ஒறைக்கலியா அத்த?"

உறைக்காமல்? ஒரு பெருவிரலை வைத்தால் நாளையோடு அந்த மைக், அந்த மடி எல்லாம் நின்றுவிடும்.

வாணி நைனா, "அவன் இன்னா சொல்லிட்டுப் போறான்?" என்றார். "சும்மா" என்றேன்.

ஏப்ரல் 26

எலெக்ஷன் ஆபீசரம்மா நல்ல மாதிரி. உட்காரச் சொன்னாள். மேஜைமேல் ஒரு வெள்ளைத் தாள், பேனா, பக்கத்திலேயே இங்க் பேடு. ஏழுமலை கட்சி வக்கீல் பின்னால் நின்று என் கையையே பார்த்தான். ரமணா சார் என்னைப் பார்க்கவே இல்லை. வாணி நைனா மட்டும், "போடுமே, ஏன் யோசிக்கிற?" என்று சிரித்தார். என் பெண்டாட்டிக்கா கையெழுத்து தெரியாது என்கிற சிரிப்பு.

பெருவிரலை வைத்தால், வெளியே வந்ததும் ஏன் வெச்சேன்னு கேட்பார். கேட்டால் நான் சொல்லிவிடுவேன். எனக்குத் தெரியும், ஒரு வார்த்தை ஆரம்பித்தால் எல்லாம் வந்துவிடும். பெல்ட் வரை வந்துவிடும். மறுபடி சுவரைப் பார்த்துப் படுப்பார்.

பேனாவை எடுத்து சென்னம்மா என்று எழுதினேன். மனுவில் இருக்கிறதோடு ஒத்துப்போகிறது என்றாள் ஆபீசரம்மா.

"மேடம், இன்னொண்ணு சொல்லணும்" என்று வாயெடுத்துவிட்டேன். ஏன் எடுத்தேனோ. "இது போதும்மா, நீங்க போலாம்" என்றாள்.

வெளியே ரமணா சார் என் காலைத் தொட வந்தார். காலை இழுத்துக்கொண்டேன். மரியாதைக்குத்தான் அப்படிச் செய்தேன் என்று எல்லாரும் நினைத்தார்கள்.

மே 13

ஓட்டுப் போட்டேன். யாருக்கென்று இங்கேயும் எழுதமாட்டேன்.

ஜூன் 4

தோற்றுவிட்டார். டெபாசிட்டும் போய்விட்டது. ஏழுமலை ஆட்கள் தெருவில் வெடி வைத்தார்கள். நம் வீட்டு வாசல் வந்ததும் நிறுத்திவிட்டு, தாண்டிப் போய் வைத்தார்கள். அந்த மட்டுக்கு அவனுக்கு ஈரம் இருக்கிறது.

ஜூன் 19

பவன் திதி. வாணி லீவு போட்டு வந்தாள். சோறு, சாம்பார், அவனுக்குப் பிடித்த உருளைக்கிழங்கு வறுவல், பாயசம்.

இலை போடும்போது ரமணா சார் வந்தார். கார் இல்லை. பஸ்ஸில் வந்து ரோட்டிலிருந்து நடந்து வந்திருக்கிறார், அந்தக் காலோடு. வாணி நைனா ஓடிப்போய்க் கையைப் பிடித்து அழைத்து வந்து, பக்கத்தில் உட்கார வைத்துக்கொண்டார். சித்தூரிலிருந்து வந்த சொந்தக்காரர்களிடம், "இவரு மடியிலதான் நம்ம பவனு..." என்று ஆரம்பித்தார்.

"கங்கையாகாரு, உங்ககிட்ட ஒண்ணு சொல்லணும்" என்றார் சார், வாணி நைனாவைப் பார்த்து. என்னையும் ஒரு தரம் பார்த்தார். "அது அப்படி இல்ல..."

எனக்குப் புரிந்துவிட்டது. உண்மையைச் சொல்லிவிட்டுப் பாரத்தை இறக்கி வைக்கத்தான் வந்திருக்கிறார்.

சாம்பார் வாளியைக் கீழே வைத்தேன். "அந்தப் பேச்ச எடுத்தா சாருக்குத் தாங்காது. நா சொல்றேன். என்கிட்ட எல்லாம் சொல்லிட்டாரு" என்றேன். வாணி என்னையே பார்த்தாள். "மடியிலதான் போனான். தண்ணி கேட்டானாம். சார் குடுத்தாராம்."

"தண்ணியா?" என்றார் வாணி நைனா. "இத யாரும் சொல்லலியே. குடிச்சானா?"

"குடிச்சானாம். ரெண்டு வாய்."

ரமணா சார் இலையைப் பார்த்துக் குனிந்துகொண்டார். ஒரு பருக்கையும் தொடவில்லை.

வாணி நைனா ரெண்டாம் தரம் சோறு கேட்டார். போட்டேன்.