மறுபடியும் அதே டர்போ

அன்பானவளுக்கு,

நான் சுகம். உன் முதுகுவலி குறைந்ததா? சின்னவள் அழாமல் பள்ளிக்குப் போகிறாளா?

இந்த வாரம் முழுக்க எங்கள் கம்பெனி லாரி ஒன்றோடு மல்லுக்கட்டினேன். முதலாளி மலிவாக வாங்கிப் போடும் கலப்பட டீசலால் எஞ்சின் ஆயில் கரியாகி, எஞ்சினுக்கு இழுவை கூட்டும் டர்போவுக்குப் போகும் ஆயில் குழாயை அடைத்து, டர்போ எரிந்துபோயிருந்தது. குழாயையும் மாற்றாவிட்டால் புது டர்போவும் போய்விடும் என்று தலைபாடாக அடித்துக்கொண்டேன். போர்மேன் காதில் வாங்கவில்லை. "டர்போவ மட்டும் மாட்டி அனுப்பு" என்றார். சுமையோடு மேடு ஏறும்போது புது டர்போவும் போய், வண்டி இழுவையில்லாமல் பின்னால் சரிந்திருக்கிறது. கட்டி இழுத்து வந்தார்கள். பழி என் தலையில்: "நீ சரியா மாட்டல."

வெறுத்துப்போய் ஸ்பானரைக் கீழே வைத்துவிட்டேன். அப்போது அந்த வண்டியின் டிரைவர் சாவியைச் சட்டைப்பையில் போட்டுக்கொண்டு, போர்மேனிடம், "புதுக் குழாய் வராம நான் வண்டிய எடுக்கமாட்டேன். மேட்டுல சரிஞ்சது நான், நீங்க இல்ல" என்றார். மறுநாளே குழாயும் வேறு டர்போவும் வந்தன, மாட்டினேன். வண்டி ஒழுங்காக ஓடுகிறது. போர்மேன்தான் என்னோடு பேசுவதில்லை.

கையில் சின்னதாகச் சூடு பட்டது, ஆறிவிட்டது. இங்கே துடைக்கத் தரும் துணி தோலை உரிக்கிறது. நீ கட்டிப் பழசான பருத்திப் புடவை ஒன்றை அனுப்பு. துவைக்க வேண்டாம், அப்படியே அனுப்பு.

ஷெட்டுக்குப் போகும் வேன் ஹாரன் அடிக்கிறது. வருகிறேன்.

உன்னவன்