அவருடைய செருப்பு

விழுப்புரம், ஆகஸ்ட் 12, செவ்வாய்

என் மருமகள் செல்வி இன்று, இறந்துபோன என் கணவரின் செருப்பை மாட்டிக்கொண்டு திண்டிவனத்துக்குப் பரிசோதனைக்குக் கிளம்பினாள். ஏழு மாதம், கால் வீங்கியிருக்கிறது. அதற்காகக் கேட்காமல் எடுப்பதா? கேட்டு எடுப்பது கான்வென்ட்டில் எங்களுக்கு முதல் வகுப்பிலேயே சொல்லிக்கொடுத்த ஒழுக்கம். கழற்றச் சொன்னேன்.

"என்னுது எதுவும் நுழையலைங்க அத்தே. செத்தவங்களுக்கு இன்னாத்துக்குங்க செருப்பு?"

கழற்றி எறிந்துவிட்டு வெறுங்காலோடு பஸ் ஸ்டாண்டுக்கு ஆட்டோவில் ஏறினாள். என்ன திமிர்!

திரும்பி வந்ததும், "காலைத் தலையணை மேல தூக்கி வச்சிக்கினு படுக்கணும்னு டாக்டரு சொல்லிட்டாரும்மா" என்று என் காதில் விழும்படி தன் அம்மாவிடம் போனில் சொன்னாள்.

செருப்பைத் துடைத்து பீரோவில் பூட்டினேன். என் தலையணையை அவள் காலுக்குக் கொடுத்தேன். வாங்கிக் காலுக்கடியில் வைத்துக்கொண்டாள். நாளை பெரிய அளவில் ஒரு ஜோடி வாங்கித் தருவேன். அவருடையதைத் தரமாட்டேன்.

தலையணை இல்லாமல் கழுத்து வலிக்கிறது.