ஏரி ஊருக்கு அப்புறம்

மார்ச் 4, செவ்வாய்

மேற்பார்வையாளர் மேடம் இன்று என்னைத் தன் அறைக்குக் கூப்பிட்டு, கதவைச் சாத்திவிட்டு, நீண்ட விடுப்பு என்றார். நான் கேட்கவில்லை, அவராகவே கொடுத்தார்.

"நேத்து போன் அடிச்சுட்டே இருக்கு, நீங்க ஹெட்போனை மாட்டிக்கிட்டு சும்மா உக்காந்திருக்கீங்க. பக்கத்து சீட்டுல இருந்து எடுக்க வேண்டியதாப் போச்சு. ஆம்புலன்ஸுக்கு கூப்பிடறவங்க காத்திருக்க முடியுமா? நான் சொல்லணுமா உங்களுக்கு?"

சொல்ல வேண்டாம்தான். வருஷக்கணக்காக அந்த நாற்காலியைத் தேய்த்தவன் நான்.

"எங்கயாவது போயிட்டு வாங்க. நல்லாத் தூங்குங்க."

வீட்டுக்கு வந்து ஷூவைக் கழற்றும்போதே முடிவாகிவிட்டது. ஐரோப்பா. தனியாக, ரயிலில், அவசரமே இல்லாமல். எங்கிருந்து வந்தது இந்த நினைப்பு? வாசலில் காத்துக்கொண்டிருந்த மாதிரி உள்ளே வந்தது.

மார்ச் 9, ஞாயிறு

அக்கா வீட்டுச் சாப்பாட்டு மேஜையில் வரைபடத்தை விரித்தோம். அத்தான் பரணிலிருந்து தன் பெரிய பெட்டியை இறக்கித் துடைத்துக் கொடுத்தார். "பெட்டி பத்திரமா வந்தா போதும். நீ மெதுவா வா" என்றார்.

ஊர்ப் பெயர்களை நான் உச்சரித்த அழகில் அக்காவுக்குச் சிரித்துச் சிரித்துப் புரை ஏறிவிட்டது. அதனால் நானே பெயர் வைத்துக்கொண்டேன்: துறைமுக ஊர், மலை ஊர், ஏரி ஊர். துறைமுக ஊரில் மீன் சந்தைக்குப் பின்னால் இருக்கும் சந்தில் காலையில் நடக்க வேண்டும். மலை ஊருக்குப் பகல் ரயிலில்தான் போக வேண்டும், அதுவும் இடது பக்க ஜன்னல். ஏரி ஊரில் ஒரு வாரம், எதையும் பார்க்காமல் சும்மா.

விரலை ஓட்டிக்கொண்டு சொல்லி முடித்தேன். அக்காவின் சிரிப்பு நின்றிருந்தது.

"இதெல்லாம் யாருடா சொன்னா உனக்கு?"

"எங்கயோ படிச்சேன்."

"நீயா? படிச்சியா?"

படிக்கவில்லைதான். பின்னே?

மார்ச் 11

பல் துலக்கும்போது சமையலறையிலிருந்து "தம்பி" என்று ஒரு குரல். குழாயை மூடிவிட்டு நின்றேன். ஒன்றுமில்லை. தண்ணீர்ச் சத்தமாக இருக்கும்.

தண்ணீர் "தம்பி" என்று சொல்லுமா?

மார்ச் 15, சனி

ஷூவைக்கூடக் கழற்றவில்லை. எழுதினால்தான் மனசு அடங்கும்.

பயண அலுவலகத்தில் டிக்கெட் போடும் பெண் கேட்டாள்: "இடது பக்கமே வேணுமா சார்? வலது பக்கம்தான் காலியா இருக்கு."

என் வாய் பதில் சொன்னது. "இடது பக்கம்தான் பள்ளத்தாக்கு. அந்தப் பக்கம் வெறும் பாறை, தம்பி."

தம்பி! ஒரு பெண்ணைப் பார்த்து. அவள் சிரிப்பதா வேண்டாமா என்று விழித்தாள். நான் எழுந்து வெளியே வந்துவிட்டேன்.

அந்த அம்மாவின் வார்த்தைகள் அவை. பிப்ரவரியில், மதிய ஷிப்டில் வந்த அழைப்பு. நெஞ்சு வலி, சமையலறைத் தரையில் விழுந்துவிட்டார், வீட்டில் வேறு யாரும் இல்லை. பாலத்தில் விபத்து நடந்திருந்ததால் வண்டி சுற்றிக்கொண்டு போக வேண்டியிருந்தது. மயங்க விடக் கூடாது, பேச்சுக் கொடுத்துக்கொண்டே இருக்க வேண்டும் — எங்களுக்குப் பழக்கிய பாடம். எதையாவது பேசுங்கம்மா என்றேன்.

"பெட்டி கட்டி வச்சிருக்கேன் தம்பி. அடுத்த வாரம் ஐரோப்பா. தனியாத்தான். எம்மகன் திட்டறான்."

"எங்கெல்லாம் போறீங்க?"

சொன்னார். எப்போதோ இளவயதில் ஒரு முறை போயிருந்தாராம். ஒவ்வொரு ஊராக, மூச்சு வாங்கி வாங்கி, துறைமுகம், மலை, ஏரி.

"ஏரிக்கு அப்புறம் எங்கம்மா?"

"அங்கருந்து…"

அவ்வளவுதான். நான் கேட்டுக்கொண்டே இருந்தேன். பிறகு மறுமுனையில் ஆம்புலன்ஸ் ஆட்கள் வந்துவிட்டதாகச் சொன்னார்கள்; தொடர்பு முடிந்தது; அடுத்த அழைப்பு வந்தது. என்ன ஆனார் என்று எங்களுக்குச் சொல்ல மாட்டார்கள். நாங்களும் கேட்பதில்லை. கேட்க ஆரம்பித்தால் அந்த நாற்காலியில் உட்கார முடியாது.

என் பயணம் என்று நான் போட்டது அத்தனையும் அவர் போட்டது.

மார்ச் 20

எல்லாவற்றையும் மாற்றினேன். தீவு, கடற்கரை, வெயில். அவர் சொல்லாத இடம். நிம்மதியாகத்தான் வீட்டுக்கு வந்தேன். காபி கலக்கும்போது முதுகுக்குப் பின்னால்: "வெயில்ல போய் என்ன பண்ணப் போறீங்க தம்பி?"

திரும்பவில்லை. "என்ன விட்ருங்கம்மா" என்றேன். சத்தமாக. காலி வீட்டில் நின்றுகொண்டு.

மார்ச் 28

முடியல. கேட்டே விட்டேன்.

அன்று போன வண்டியின் ஓட்டுநரை எங்கள் மையத்தில் எல்லோரும் ரேடியோ என்போம். வாய் ஓயாத மனிதர். ஆஸ்பத்திரி வாசல் காபிக் கடையில் பிடித்தேன். பாலத்தைச் சுற்றிப் போனீர்களே, அந்த அம்மா என்றதும் ரேடியோ நின்றுவிட்டது.

"போயிட்டாங்க. நாங்க போறதுக்கு முன்னாடியே."

டம்ளரைச் சுற்றிக்கொண்டே அவரே தொடர்ந்தார்.

"கதவை உடைச்சுட்டு உள்ள போறோம், ஒரு ஆம்பளைக் குரல் கேக்குது. வீட்ல யாரோ இருக்காங்கன்னு நெனச்சேன். பாத்தா போன் ஸ்பீக்கர்ல கிடக்குது, காதுக்குப் பக்கத்துல. நீங்கதான். ஏரிக்கு அப்புறம் எங்கம்மா, சொல்லுங்கம்மான்னு… கெஞ்சற மாதிரி." காபியை ஓரமாகத் தள்ளி வைத்தார். "எனக்கு ஒரு வாரம் அந்தக் குரல்தான் சார் காதுல. அவங்க குரல் இல்ல. உங்களுது."

அந்த அம்மா என் சமையலறையில் இருக்கிறார். நான் அவருடைய சமையலறையில் இருந்திருக்கிறேன்.

ஏப்ரல் 2

பழைய திட்டத்தையே மறுபடி போட்டாயிற்று. அக்காவிடம் எல்லாவற்றையும் சொன்னேன். சொல்லியிருக்க வேண்டாமோ?

"செத்துப் போனவங்க போக வேண்டிய ஊருக்கு நீ ஏண்டா போகணும்? மொகம்கூடத் தெரியாது உனக்கு!"

"எனக்கு வேற ஊர் தெரியாதுக்கா."

முந்தானையில் முகத்தைத் துடைத்துக்கொண்டு உள்ளே போனாள். இனிப் பேச மாட்டாள் என்று நினைத்தேன். ஒரு கம்பளிச் சட்டையோடு வந்து பெட்டியில் திணித்தாள். "மலையில குளிரும்" என்றாள், என் முகத்தைப் பார்க்காமல்.

ஏப்ரல் 13

துறைமுக ஊர். மீன் சந்தை இல்லை. கார் நிறுத்தும் இடமாகிவிட்டது. சந்து மட்டும் இருக்கிறது. "சந்தைய எடுத்துட்டாங்கம்மா" என்று சொன்னேன். அவர் ஒன்றும் சொல்லவில்லை. வருத்தமோ?

ஏப்ரல் 16

பள்ளத்தாக்கு உண்மை. சுரங்கப்பாதையை விட்டு ரயில் வெளியே வந்ததும் இருக்கையின் கையைப் பிடித்துக்கொண்டேன், அவ்வளவு ஆழம். அடியில் தீப்பெட்டி தீப்பெட்டியாக வீடுகள். "ஆமாம்மா, நீங்க சொன்னது சரிதான்" என்றேன். எதிரில் இருந்த கிழவர் மொழி புரியாமலேயே தலையாட்டினார்.

பக்கத்து இருக்கை காலியாகவே வந்தது. வழியில் ஏறியவர்கள் அதைப் பார்த்துவிட்டு, வேறு இடம் தேடிப் போனார்கள்.

ஏப்ரல் 22

ஏரி ஊர். மழை. எதையும் பார்க்கவில்லை. தூங்குகிறேன்.

ஏப்ரல் 25

ஏரி ஊர் முடிந்தது. அதற்கு மேல் அவர் சொல்லவில்லை.

காலையில் நிலையத்துக்கு வந்து, ஊர்ப் பெயர்கள் ஓடும் பலகைக்குக் கீழே நின்றேன். "அங்கருந்து எங்கம்மா?" என்று கேட்டும் பார்த்தேன். பலகைதான் படபடவென்று மாறியது. அதில் ஏதோ ஒரு ஊரைக் காட்டி டிக்கெட் வாங்கினேன். பெயரை வாசிக்கக்கூட முடியவில்லை.

மதியத்துக்கு மேல் வந்து சேர்ந்தேன். நடைமேடையில் வெயில் அடித்தது. பெட்டியை இறக்கி வைத்துவிட்டு, கதவைப் பிடித்துக்கொண்டு உள்ளே பார்த்து, "இறங்கறீங்களாம்மா?" என்றேன். உள்ளே வரிசையாக இருக்கைகள். யாரும் எழுந்திருக்கவில்லை. கார்டு விசில் ஊதினார், என்னைப் பார்த்து ஏதோ சத்தம் போட்டார். இன்னும் கொஞ்ச நேரம் பிடித்துக்கொண்டிருந்தேன்.

அப்புறம் கையை எடுத்தேன். ரயில் போயிற்று.