வளையத்தைத் தொடும் கோடு

கண்ணு,

மாடி அறைக்கு வெள்ளையடிக்க ஆள் வந்திருக்கிறான். பெயிண்டு வாசனை படிக்கட்டு வரைக்கும் இறங்குகிறது. என்னால் உட்கார முடியவில்லை, ஏறுகிறேன், இறங்குகிறேன். நீ சாக்பீசில் போட்ட வளையங்கள் அந்தச் சுவரில் இன்னும் இருக்கு. நாளைக்கு ஒரகடம் கம்பெனிப் பையன்கள் குடி வருகிறார்கள். "ஒரு கீறல் இருக்கக்கூடாது" என்று மகன் சொல்லிவிட்டுப் போயிருக்கிறான்.

நெல்லைப் பக்கத்திலிருந்து வந்து, இங்கே காலேஜில் கணக்கு டீச்சராகச் சேர்ந்து, எங்க மாடியில் குடியிருந்தாய். மறுநாள் பாடத்தை முந்தின சாயங்காலமே எனக்கு நடத்திப் பார்ப்பாய். மூணாவதோடு நின்றவள் நான். "ஆச்சிக்கே புரிஞ்சா பயலுவளுக்குப் புரியாதா" என்பாய். அந்தக் கிண்டலையும் நான் மறக்கவில்லை.

எங்க பழைய வேர்க்கடலை மேட்டுக்கு ஒருநாள் என்னைக் கூட்டிப்போனாய். மேட்டு உச்சி இப்போ கம்பெனி மதிலுக்குள்ளே. "உள்ள போக முடியாது. மதில் ஓரமாவே நடங்க ஆச்சி. எது ஒசரமான இடம்?"

ஏறிக்கினே போனேன். ஓர் இடத்தில் கால் ஏறவுமில்லை, இறங்கவுமில்லை. அதைத் தாண்டினால் சரிவு. நின்னுட்டேன்.

"அதேதான். பயலுவ மதிலை மறந்துட்டு உச்சியைப் போய் விடைன்னு எழுதிருதானுவ."

வீட்டுக்கு வந்து அந்த மாடிச் சுவரில் வரைந்தாய். ஒவ்வொரு உயரத்துக்கும் ஒரு வளையம், மதிலுக்கு ஒரு கோடு. கோடு எந்த வளையத்தை வெட்டாமல் தொட்டுக்கொண்டு போகிறதோ, அங்கேதான் நான் நின்றேனாம்.

"மதிலை ஓரடி உள்ள தள்ளுனா?"

"எவ்வளவு ஒசரம் கூடும்னு சொல்லத்தான் இந்தக் கணக்குல லாம்டான்னு ஒரு எண் இருக்கு ஆச்சி."

"அத்தப் போயி அந்தக் கம்பெனிக்காரன்கிட்ட சொல்லு."

சிரித்துச் சிரித்து இருமினாய்.

உன் துறைத் தலைவர், "படம் போட்டுக்கினு இருந்தா போர்ஷன் எப்ப முடியும்? ஃபார்முலாவைக் குடுங்க, போதும்" என்று பசங்க எதிரிலேயே சொன்னாராம். அன்னைக்கு நீ சாப்பிடவில்லை. காய்ச்சலில் நீ போனபோது அதே ஆள் மாலையோடு வந்தார். நான் முகம் கொடுக்கவில்லை. இன்னைக்கும் படப்பை பஸ் ஸ்டாண்டில் பார்த்தால் திரும்பிக்கொள்வேன். நீ மன்னித்திருப்பாய், அது உன் குணம்.

மேலேயிருந்து பெயிண்டர் கூப்பிடுகிறான். "ஆயா, இந்தச் சுவத்த இன்னா பண்றது?"

"அத்த வுட்டுடு."

"ஒரு சுவரு அழுக்கா கீதுன்னா ரூமே எடுபடாது ஆயா."

"அத்தத் தொடாம எவ்ளோ நல்லா வருமோ, அவ்ளோ நல்லா அடி."

சொன்ன பிறகுதான் என் காதிலேயே விழுந்தது, இதுவும் உன் மதில் கணக்குதான். மகன் வந்து கத்துவான், கத்தட்டும். நீ மார்க்கு போடு.