ரயில்வே கேட்டில் நீ கேட்ட தண்ணீர்

என் செல்லத் தம்பி பாபுவுக்கு,

நடந்ததை நடந்தபடியே எழுதப் போகிறேன். என் தப்பையும் மறைக்க மாட்டேன். நீ போனபோது உனக்கு இரண்டரை வயது, படிக்கத் தெரியாது. ஆனாலும் இதை உனக்குத்தான் எழுத வேண்டும்.

முதலில் ஊர்ச் செய்தி. 'கூ மாமா' என்று நீ கையாட்டுவாயே, அந்த ரயில் இப்போதும் பொன்னேரியில் நின்றுதான் கும்மிடிப்பூண்டிக்குப் போகிறது. நான் ஒன்பதாம் வகுப்பு. உனக்கு ஒரு தங்கச்சி பிறந்திருக்கிறாள். உன்னைப் போலவே என் புத்தகங்களின் ஓரத்தைச் சப்புகிறாள்.

நீ போன அந்த ஐப்பசி மழையில் வாய்க்கால் உடைந்து நம் கிணற்றில் சேற்றுத் தண்ணீர் இறங்கியது. துணியில் வடிகட்டிக் குடித்தோம். மூன்றாம் நாள் உனக்கு வயிறு போக ஆரம்பித்தது.

"தண்ணி குடுத்தா இன்னும் போவும். யாரும் குடுக்காதீங்க" என்றாள் அம்மா. நம் தெருவில் எல்லா வீட்டிலும் அப்படித்தானே? நான் சொம்பை எடுத்து உனக்கு எட்டாமல் பரண்மேல் வைத்தேன். நீ அழுதாய். மறுநாளும் அழுதாய், கண்ணீர் வரவில்லை. "பொய் அழுகைடா" என்று கேலி செய்தேன்.

அதற்கடுத்த நாள் நைனா வண்டி பூட்டினார். பொன்னேரி ஆஸ்பத்திரிக்கு நாலு பேரும் புறப்பட்டோம். ரயில்வே கேட் மூடியிருந்தது. நீ என் மடியில் கிடந்தாய். உன் கண் உள்ளே போயிருந்தது. கேட்காரர் மனைவி எட்டிப் பார்த்துவிட்டு ஒரு சொம்புத் தண்ணீர் கொண்டுவந்தாள்.

"கொழந்த நாக்கு ஒட்டிக்கினு கீது. ஒரு வாய் குடும்மா."

"வேணாம்மா, வயிறு போய்க்கினு கீது" என்றாள் அம்மா.

நீ சொம்பைப் பார்த்துக் கையை நீட்டினாய். அந்தக் கையை மடக்கிப் பிடித்துக்கொண்டவள் நான். "அப்புறம்டா கண்ணு" என்றேன். கூட்ஸ் வண்டி வந்தது. நீ கையாட்டவில்லை. கடைசிப் பெட்டி போனபோது உன் விரல்கள் என் கைக்குள் சும்மா இருந்தன.

கேட் திறந்தார்கள். நைனா உன்னைத் தொட்டுப் பார்த்தார். பிறகு வண்டியை வீட்டுப் பக்கம் திருப்பினார்.

கிராம முன்சீப் சாவு எழுதும் நோட்டை எடுத்துக்கொண்டு வந்து, "இன்னா எழுதிக்க?" என்று கேட்டார். "தோஷம்" என்றார் நைனா. அப்படித்தான் நீ அந்த நோட்டில் இருக்கிறாய்.

போன மாதம் தங்கச்சிக்கும் வயிறு போனது. அம்மா பால்கூடக் கொடுக்கப் பயந்தாள். அன்றைக்குத் தெருவுக்கு நர்சம்மா வந்திருந்தாள். நான் ஓடிப்போய் அழைத்துவந்தேன்.

"போறது போவட்டும்மா. ஈடா உள்ள ஊத்திக்கினே இரு. பால் குடு, கஞ்சித்தண்ணில உப்புப் போட்டுக் குடு. ஒடம்பு வறண்டுதான் கொழந்தைங்க போயிடுதுங்க."

அம்மா தங்கச்சியை மடியில் எடுத்துக்கொண்டாள். அப்புறம் கேட்டாள்: "அப்ப, அந்தப் புள்ளைக்குக் குடுத்திருந்தா?"

நர்சம்மா பையை மூடினாள். "அது யாருக்கும்மா தெரியும்" என்றாள்.

தங்கச்சி தேறிவிட்டாள். சந்தோஷம்தான். ஆனால் அவள் ஒவ்வொரு வாய் குடிக்கும்போதும் அம்மா முகத்தைத் திருப்பிக்கொண்டாள்.

பாபு, உனக்கு அவ்வளவு தாகமாக இருந்ததா?

இப்போது அம்மா பக்கத்தில் வந்து உட்கார்ந்தாள். அவளுக்கும் படிக்கத் தெரியாது. "இன்னாடி எழுதற?" என்றாள். பாடம் என்று சொல்ல வாயெடுத்தேன். ஆனால் இந்தக் கடிதத்தின் முதல் வரி ஞாபகம் வந்தது. எல்லாவற்றையும் படித்துக் காட்டினேன். உன் கையைப் பிடித்த இடம் வந்ததும், "அத அடிச்சிடு" என்றாள். "நீ சின்னப் பொண்ணு, சொன்னதச் செஞ்ச. வேணாம்னது நானு. எம் பேரப் போட்டு எழுது."

நான் அடிக்கவில்லை. அவள் சொன்னதையும் சேர்த்து எழுதிவிட்டேன். இரண்டும் உண்மை.

இனி எந்த வீட்டுக் குழந்தைக்கு வயிறு போனாலும் நான் போய்ச் சொல்வேன், பாபு. திட்டினாலும் சொல்வேன். சொம்பை நானே எடுத்துக் கொடுப்பேன்.

உன் கையைப் பிடித்திருந்த அக்கா,
தேவகி

தங்கச்சி தூங்க வேண்டுமென்று அம்மா லைட்டை அணைக்கப் போகிறாள்.