வீட்டுக்கு ஒருத்தர்

கம்பெனி பஸ் உத்திரமேரூருக்கு வர இன்னும் கொஞ்சம் நேரமிருந்தது. தூங்கிக்கொண்டிருந்த தினகரனை எழுப்பாமல், காலண்டரில் கிழித்த தாளின் பின்பக்கம் கல்பனா எழுதினாள்.

"மாமா, சாம்பார் அடுப்பு மேல கீது. சிலிண்டர்காரன் வருவான், வூட்டப் பூட்டிக்கினு போயிடாத. பாப்பாவுக்கு ரெட்டை ஜடை பின்னணும். உன் யூனிபார்ம ஊற வெச்சிட்டேன்."

கார் சீட் தைக்கும் கம்பெனியில் இருவருக்குமே வேலை. ஆர்டர் குறைந்ததிலிருந்து அங்கே யாரும் லீவு கேட்பதில்லை. ஜுரத்தோடு வந்தாலும் சூப்பர்வைசரைப் பார்த்துச் சிரிக்கிறார்கள். புருஷன் பெண்டாட்டி இரண்டு பேரும் இருந்தால் இனி ஒருவருக்குத்தான் வேலை, யாரென்று நீங்களே சொல்லுங்கள் என்றுவிட்டார்கள். "நீ வேலைய வுட்டுடு, அவ்ளோதான்," என்று ராத்திரி தினகரன் பேச்சை முடித்திருந்தான்.

தாளின் அடியோரத்தில் பொடி எழுத்தில் சேர்த்தாள்.

"நேத்து கம்பெனியிலயே கேட்டாங்க. நீ வேலைய வுட்டு நின்னுக்கறன்னு சொல்லிட்டேன். உன் பேக்கிங் செக்‌ஷன எப்படியும் மூடப் போறாங்க, என் தையலு ஓடும். மத்தியானம் ஷிப்டுக்குக் கிளம்பாத. சண்டைய நான் வந்தப்புறம் வெச்சிக்கலாம்."

செருப்பை மாட்டியவள் திரும்பி வந்து, மிச்சமிருந்த இடுக்கில் இன்னொரு வரியை நுழைத்தாள்.

"ஜடைய இறுக்கிப் பின்னாத, பாப்பா அழுவும்."